முன்னால் ஓர் எண், கீழே ஓர் எண்

மாணவர்களே, உங்கள் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவராக இருந்தால், இன்று மாலை அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மங்கில் இறங்கிய பால், ஸ்டோருக்குப் போய்ச் சேரும்வரை கட்டியாகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? ஸ்டோருக்குப் போன பிறகு அதே பாலை எப்படிக் கட்டியாக்கினார்கள்?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ‘அமோனியா’ என்று பதில் வரும். சொல்லும்போதே மூக்கைச் சுளிப்பார்கள். அந்த நெடி அப்படி. இரண்டாவது கேள்விக்குப் பதில் ‘ஆசிட்’. இந்த இரண்டு பொருள்களும் ஒரு தொட்டியில் சந்தித்தால் என்ன நடக்கும், எவ்வளவுக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்வதுதான் இரசாயனச் சமன்பாடு. நான்காம் படிவ இரசாயனப் பாடநூலின் மூன்றாம் அத்தியாயத்தில் பலரைத் திணற வைக்கும் பகுதியும் இதுதான்.

மலாக்காவில் இருந்துகொண்டு இதைப் பேசுவது பொருத்தம். 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்ற மலாக்கா வணிகர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி தந்த ஊக்கத்தில், புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் என்று பேசப்படுவது அதுதான். அடுத்து ஜாசின் பக்கம் புக்கிட் அசகானில் அவர் பெரிய அளவில் ரப்பர் பயிரிட்டார். பிறகு தோட்டங்கள் பெருகின. பால் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள். இன்று அந்த நிலங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனால் அமோனியா, ஆசிட், உர மூட்டை, எரிவாயு என்று தோட்டத்துக்குள் இருந்த இரசாயனம் நம் வீட்டிலும் பாடநூலிலும் அப்படியே இருக்கிறது.

ஒரு சிறு குறிப்பு. இந்தப் பக்கத்தில் தனிமக் குறியீடுகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறோம். எச் என்றால் ஹைட்ரஜன். ஓ என்றால் ஆக்சிஜன், தமிழ்ப்பள்ளியில் நீங்கள் உயிர்வளி என்று படித்தது. சி என்றால் கார்பன். என் என்றால் நைட்ரஜன். எஸ் என்றால் கந்தகம். பாடநூலில் ரோமன் எழுத்தில் நீங்கள் பார்ப்பவைதாம் இவை. எழுத்து மாறினாலும் எண்களின் இடம் மாறாது. நம் கதையே அந்த எண்களைப் பற்றியதுதான்.

எல்லாரும் செய்யும் ஒரு தவறு

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகிறது. இதை இப்படித் தொடங்குகிறோம்:

எச்₂ + ஓ₂ → எச்₂ஓ

இடப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு. வலப்பக்கம் ஒன்றுதான். ஓர் அணு எங்கே போனது? வேதிவினையில் அணு புதிதாகப் பிறப்பதில்லை, மறைந்து போவதும் இல்லை. ஆகவே கணக்கை நேர் செய்ய வேண்டும்.

அவசரத்தில் பலர் செய்வது, நீரின் ஓரத்தில் ஒரு சிறிய 2 போட்டுவிடுவது:

எச்₂ + ஓ₂ → எச்₂ஓ₂

எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு. கணக்கு சரி. ஆனால் விடை தவறு. ஏனென்றால் எச்₂ஓ₂ என்பது நீரே அல்ல. அது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்தகத்தில் நீர்த்த கரைசலாகப் புண் துடைக்க விற்பதும், தலைமுடியை வெளுக்கப் பயன்படுவதும் அதுதான். அடர்த்தியாக இருந்தால் தோலைச் சுட்டுவிடும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவருக்குப் பெராக்சைடைக் கொடுத்த கதையாகிவிட்டது.

சரியான வழி, முன்னால் எண் போடுவது:

2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ

இப்போது இடப்பக்கம் ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் இரண்டு. வலப்பக்கமும் அப்படியே. நீர் நீராகவே இருக்கிறது. அதன் எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறது.

காண்டாக்கம்பும் இரண்டு வாளிகளும்

இந்த இரண்டு எண்களுக்கும் பெயர் உண்டு. எழுத்துக்குக் கீழே சிறியதாக நிற்பது கீழெண். மலாய்ப் பாடநூலில் சப்ஸ்கிரிப். சூத்திரத்துக்கு முன்னால் பெரியதாக நிற்பது கெழு, மலாயில் பெகாலி. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வரும் மாணவர்கள் சிலர், இந்தப் புதிய சொற்களைக் கண்டதும் பாடமே புதிதென்று மிரண்டு விடுகிறார்கள். சொல்தான் புதிது. கருத்து உங்கள் வீட்டிலேயே இருந்தது.

தோட்டத்தில் பால் தூக்கியவர்கள் தோளில் ஒரு கம்பு வைத்து, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு வாளி தொங்கவிட்டுச் சுமப்பார்கள். அதுதான் காண்டாக்கம்பு. ஒரு கம்பு, இரண்டு வாளி: இது ஒரு ‘மூலக்கூறு’. எச்₂ஓ என்பதும் அப்படித்தான். ஆக்சிஜன் கம்பு, இரண்டு ஹைட்ரஜன்கள் வாளிகள். ஒரு கம்புக்கு எத்தனை வாளி என்று சொல்வது கீழெண். அப்படிப் பால் தூக்கிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று சொல்வது கெழு.

அன்றைக்கு ஆறு வாளிப் பால் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். என்ன செய்வார்கள்? மூன்று பேர் மூன்று கம்போடு வருவார்கள். ஒரே கம்பில் ஆறு வாளியைத் தொங்கவிட மாட்டார்கள். விட்டால் அது காண்டாக்கம்பாக இருக்காது, தூக்குகிறவரின் தோளும் தாங்காது. சமன் செய்வதும் இவ்வளவுதான். ஆள்களைக் கூட்டலாம், குறைக்கலாம். கம்பில் உள்ள வாளியின் எண்ணிக்கையைத் தொடக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கெழு தனக்குப் பின்னால் நிற்கும் சூத்திரம் முழுவதையும் பெருக்கும். 3எச்₂ஓ என்றால் ஹைட்ரஜன் 3 × 2 = 6; ஆக்சிஜன் 3 × 1 = 3. கீழெண் தனக்கு முன்னால் ஒட்டி நிற்கும் எழுத்தை மட்டும் பெருக்கும். எண் எதுவும் எழுதாவிட்டால் அது 1 என்று பொருள்.

டால்டனே தடுமாறிய கீழெண்

நீருக்குக் கீழெண் 2 என்பது இன்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதை உறுதி செய்ய அறிவியல் உலகத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது.

அணுக்கொள்கையை முன்வைத்த ஜான் டால்டன், 1808இல் வெளியான தம் நூலில் நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றே எடுத்துக்கொண்டார். நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. டால்டனின் சூத்திரப்படி பார்த்தால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப் போல் 8 மடங்கு கனம். எச்₂ஓ என்றால் 16 மடங்கு கனம். கீழெண் ஒன்று மாறினால் ஆக்சிஜன் அணுவின் எடையே பாதியாகிவிடுகிறது. அதை நம்பிக் கணக்கிடும் மற்றத் தனிமங்களின் எடைகளும் குழம்பிவிடும்.

அதே காலத்தில் கே-லுசாக், இரண்டு பங்கு ஹைட்ரஜன் வாயுவும் ஒரு பங்கு ஆக்சிஜன் வாயுவும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவி உண்டாவதை அளந்து காட்டினார். 2, 1, 2! நாம் மேலே எழுதிய சமன்பாட்டின் கெழுக்கள் இவைதாமே? 1811இல் அவகாட்ரோ இதற்குச் சரியான விளக்கம் சொன்னார். பலர் காதில் அது ஏறவில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது, இத்தாலியரான கன்னிசாரோ அவகாட்ரோவின் கருத்தை எடுத்து வைத்தார். அதன் பிறகுதான் குழப்பம் தெளியத் தொடங்கியது.

ஆகவே கீழெண் என்பது நாம் வசதிக்குப் போடும் எண் அல்ல. இயற்கையை அளந்து கண்டுபிடித்த எண். அதனால்தான் சமன் செய்யும்போது அதில் கை வைக்கக்கூடாது என்கிறோம்.

ஸ்டோரில் ஒரு கணக்கு

இப்போது பால் தொட்டிக்கு வருவோம். ரப்பர் பாலில் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள புரதப் படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே வகை மின்னூட்டம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. பால் பாலாகவே இருக்கிறது. நேரம் ஆக ஆக, பாக்டீரியாக்கள் பாலில் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் அந்த மின்னூட்டத்தை அழித்துவிடும். துகள்கள் மோதி ஒட்டிக்கொள்ளும், பால் உறைந்துவிடும்.

அமோனியா காரத்தன்மை கொண்டது. பாக்டீரியாவை ஒடுக்கி, அமிலத்தையும் முறித்துப் பாலைக் காக்கிறது. ஸ்டோருக்கு வந்தபின் ஷீட் போட வேண்டுமென்றால் பால் உறைய வேண்டும். அப்போது ஃபோர்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள். ஆனால் ஊற்றிய அமிலம் முதலில் யாரிடம் போகும்? ஏற்கெனவே அங்கே இருக்கும் அமோனியாவிடம்தான். அமோனியாவை முறித்து முடித்த பிறகு மிஞ்சும் அமிலம்தான் பாலை உறைய வைக்கும்.

அமோனியா + ஃபோர்மிக் அமிலம் → அம்மோனியம் ஃபோர்மேட்

சூத்திரத்தில் எழுதினால்:

என்எச்₃ + எச்சிஓஓஎச் → எச்சிஓஓஎன்எச்₄

எண்ணிப் பாருங்கள். இரு பக்கமும் நைட்ரஜன் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு, ஹைட்ரஜன் ஐந்து. கெழு எல்லாம் 1. அதாவது ஓர் அமோனியா மூலக்கூறுக்கு ஓர் அமில மூலக்கூறு.

ஆனால் தராசு மூலக்கூறுகளை எண்ணாது, எடையைத்தான் காட்டும். இங்கே கீழெண்கள் உதவிக்கு வருகின்றன. என்எச்₃ இன் எடை 14 + (3 × 1) = 17. ஃபோர்மிக் அமிலத்தின் எடை 12 + (2 × 1) + (2 × 16) = 46. எனவே 17 கிராம் அமோனியாவை முறிக்க 46 கிராம் ஃபோர்மிக் அமிலம் வேண்டும்.

ஒரு தொட்டியில் 1,000 கிலோ பால் இருக்கிறது, அதில் 0.3 விழுக்காடு அமோனியா கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமோனியா 3 கிலோ. அதை முறிக்க மட்டும் 3 × 46 ÷ 17, அதாவது சுமார் 8.1 கிலோ அமிலம் தேவை. இதைக் கணக்கில் எடுக்காமல் 4 கிலோ ஊற்றிவிட்டுக் காத்திருந்தால், பால் உறையாது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நடந்து வெட்டிய பால் அது.

இனி, கெழு மாறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஃபோர்மிக் அமிலத்துக்குப் பதில் கந்தக அமிலம் என்றால் சமன்பாடு இப்படி இருக்கும்:

2என்எச்₃ + எச்₂எஸ்ஓ₄ → (என்எச்₄)₂எஸ்ஓ₄

கந்தக அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு அமோனியாவை முறிக்கும். கந்தக அமிலத்தின் எடை 98. ஆகவே 34 கிராம் அமோனியாவுக்கு 98 கிராம் அமிலம். 3 கிலோ அமோனியாவுக்குச் சுமார் 8.6 கிலோ. முன்னால் உள்ள அந்த 2ஐ எழுத மறந்தவர் 17 கிராமுக்கு 98 கிராம் என்று போட்டு, 17.3 கிலோ என்று விடை காண்பார். சரியாக இரண்டு மடங்கு! தேர்வுத் தாளில் அது மதிப்பெண் இழப்பு. தொட்டியடியில் அது வீணான பணம், கெட்டுப்போன ரப்பர், கையிலும் கண்ணிலும் தெறிக்கும் அபாயம். பால் உறைய வைக்க ஃபோர்மிக் அமிலத்தையே பயன்படுத்தும்படி ரப்பர்த் துறையினர் சொல்வதும் ரப்பரின் தரத்தை மனத்தில் வைத்துத்தான்.

உர மூட்டையும் ஓர் அடைப்புக்குறியும்

மேலே வலப்பக்கம் உண்டான பொருளை நீங்கள் வேறோர் இடத்தில் பார்த்திருக்கலாம். அது அம்மோனியம் சல்ஃபேட். செம்பனைத் தோட்டங்களில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் உரங்களில் ஒன்று. பொருள் ஒன்றுதான், இடமும் வேலையும் வேறு.

அதன் சூத்திரத்தில் அடைப்புக்குறி இருப்பதைக் கவனித்தீர்களா? (என்எச்₄)₂எஸ்ஓ₄. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும். நைட்ரஜன் 1 × 2 = 2. ஹைட்ரஜன் 4 × 2 = 8. மாணவர்கள் பலர் ஹைட்ரஜனை 4 என்றோ, 42 என்றோ எண்ணிவிடுகிறார்கள். அடைப்புக்குறியைக் கண்டால் ஒரு கணம் நில்லுங்கள்.

இந்த எண்ணிக்கையில் இருந்துதான் மூட்டையில் அச்சிடும் 21 என்ற எண் வருகிறது. மொத்த எடை 132. அதில் நைட்ரஜன் 28. விழுக்காட்டில் 21. அதாவது 50 கிலோ மூட்டையில் மரத்துக்குப் போகும் நைட்ரஜன் சுமார் 10.6 கிலோதான். யூரியாவின் சூத்திரம் சிஓ(என்எச்₂)₂. மொத்த எடை 60. அதிலும் நைட்ரஜன் 28. விழுக்காட்டில் 46க்கு மேல். ஒரே எடை மூட்டை, ஆனால் நைட்ரஜன் இரண்டு மடங்குக்கும் அதிகம். கீழெண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு மூட்டையின் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த உரங்களுக்கு மூலமான அமோனியாவைத் தொழிற்சாலையில் காற்றில் உள்ள நைட்ரஜனில் இருந்து செய்கிறார்கள்:

என்₂ + 3எச்₂ → 2என்எச்₃

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இடப்பக்கம் மூலக்கூறுகள் நான்கு; வலப்பக்கம் இரண்டு. சமன் ஆகவில்லையே என்று சிலர் குழம்புவார்கள். சமனாக இருக்க வேண்டியது அணுக்களின் எண்ணிக்கை. மூலக்கூறுகளின் எண்ணிக்கை அல்ல. நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 6. இரு பக்கமும் சரி.

அடுப்படியில் ஐந்து ஆக்சிஜன்

தோட்டத்து விறகடுப்பு போய், இன்று டவுனிலும் தாமானிலும் எரிவாயுத் தோம்புதான். அதில் இருப்பது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் கலவை. கணக்குக்காகப் புரோப்பேன் மட்டும் என்று வைத்துக்கொண்டு சமன் செய்வோம்.

சி₃எச்₈ + ஓ₂ → சிஓ₂ + எச்₂ஓ

முதலில் கார்பன். இடப்பக்கம் மூன்று, எனவே வலப்பக்கம் 3சிஓ₂. அடுத்து ஹைட்ரஜன். இடப்பக்கம் எட்டு, எனவே 4எச்₂ஓ. ஆக்சிஜனைக் கடைசிக்கு வைத்தோம், ஏனென்றால் அது இடப்பக்கம் தனியாக நிற்கிறது. அதன் கெழுவை மாற்றினால் வேறு எதுவும் குலையாது. வலப்பக்கம் ஆக்சிஜன் 6 + 4 = 10. எனவே இடப்பக்கம் 5ஓ₂.

சி₃எச்₈ + 5ஓ₂ → 3சிஓ₂ + 4எச்₂ஓ

அந்த 5 என்ன சொல்கிறது? 44 கிராம் புரோப்பேன் முழுமையாக எரிய 160 கிராம் ஆக்சிஜன் தேவை. 14 கிலோ தோம்பு ஒன்று எரிந்து தீர 50 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். காற்றின் எடையில் ஆக்சிஜன் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால், 220 கிலோ அளவுக்குக் காற்று அந்த அடுப்புக்கு வந்தாக வேண்டும். சமையலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள் என்று அம்மா சொல்வதற்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

காற்று போதாவிட்டால்? அப்போது நடக்கும் வினையே வேறு:

2சி₃எச்₈ + 7ஓ₂ → 6சிஓ + 8எச்₂ஓ

சிஓ₂ இருந்த இடத்தில் சிஓ. ஒரு சிறிய 2 காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சிஓ₂ நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளிவிடும் கரிவளி. சிஓ என்பது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொண்டு, உடலுக்கு ஆக்சிஜன் போகாமல் தடுத்துவிடும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். வெள்ளம் வந்து மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டக்கூடாது. அடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டக்கூடாது. இயந்திரம் ஓடும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கக்கூடாது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கீழெண் ஒன்றுதான்.

ரப்பரின் பெரிய கீழெண்

இனி மீண்டும் ரப்பருக்கே வருவோம். 1826இல் மைக்கேல் ஃபாரடே ரப்பரைப் பகுத்துப் பார்த்தார். ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதம் கிடைத்தது. 1860இல் கிரேவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சூடாக்கி வடித்து, எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு ஐசோப்ரீன் என்று பெயரிட்டார். அதன் சூத்திரம் சி₅எச்₈. ரப்பருக்கும் அதே விகிதம்!

ஐசோப்ரீன் 34 பாகை செல்சியசில் கொதிக்கும். மலாக்காவின் உச்சி வெயிலில் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் காணாமல் போய்விடும். ரப்பரோ இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நம் காலணியிலும் கார்ச் சக்கரத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அணுக்களும் விகிதமும் ஒன்றாக இருக்க, எப்படி இவ்வளவு வேறுபாடு?

பல காலம் இதற்குத் தெளிவான பதில் இல்லை. 1920இல் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் என்ற ஜெர்மானியர், ரப்பர் போன்ற பொருள்கள் ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் கைகோத்த மிக நீண்ட சங்கிலிகள் என்றார். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்க முடியாது என்று பலர் மறுத்தனர். அவர் சொன்னதே சரி என்பது பின்னர் உறுதியாயிற்று. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பத்தாயிரம் ஐசோப்ரீன்கள் சேர்ந்து ஒரு சங்கிலி ஆவதாக எழுதினால்:

10000சி₅எச்₈ → (சி₅எச்₈)₁₀₀₀₀

இந்தச் சமன்பாட்டைச் சற்று நேரம் பாருங்கள். இரு பக்கமும் கார்பன் 50,000, ஹைட்ரஜன் 80,000. அணுக்களில் ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. இடப்பக்கம் 10,000 முன்னால் நிற்கிறது, அது கெழு. பத்தாயிரம் தனித்தனி மூலக்கூறுகள்; ஆவியாகிப் பறந்துவிடும் திரவம். வலப்பக்கம் அதே 10,000 கீழே இறங்கி நிற்கிறது, அது கீழெண். ஒரே ஒரு மூலக்கூறு. இழுத்தால் நீளும் ரப்பர். எண் ஒன்றுதான். அது நிற்கும் இடம் மாறியதும் பொருளே மாறிவிட்டது.

சங்கிலியின் நீளம் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும் என்பதால், பாடநூலில் இந்த எண்ணுக்குப் பதில் ஒரு சிற்றெழுத்தைப் போட்டிருப்பார்கள். இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் செயற்கை ரப்பர் செய்யும் வழிதான் இந்தச் சமன்பாடு. பால்மரம் ஐசோப்ரீனை நேரடியாகக் கோப்பதில்லை. வேறொரு ஐந்து கார்பன் சேர்மத்தைக் கொண்டு, நொதிகளின் துணையோடு அதே சங்கிலியைக் கட்டுகிறது. போகும் பாதை வேறு. போய்ச் சேரும் இடம் ஒன்று.

தேர்வுக்குப் போகும்முன்

சமன்பாடு எழுதும்போது இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள். முதலில் சூத்திரங்களைச் சரியாக எழுதுங்கள். கீழெண்கள் அங்கேயே முடிவாகிவிட வேண்டும். அதன் பிறகு பேனா கீழெண் பக்கம் போகக்கூடாது. அடுத்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் இரு பக்கமும் அணுக்களை எண்ணுங்கள். தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசிக்கு வைத்துக் கெழுக்களைப் போடுங்கள். இடையில் அரை எண் வந்தால் பயப்பட வேண்டாம். கடைசியில் எல்லாக் கெழுக்களையும் இரண்டால் பெருக்குங்கள். முடிந்ததும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். எஸ்.பி.எம். தாளில் திருத்துபவர் முதலில் பார்ப்பது சூத்திரம் சரியா என்பதைத்தான். சமன் ஆனதா என்பது அடுத்துத்தான். கீழெண்ணை மாற்றிச் சமன் செய்தவர் இரண்டையும் இழக்கிறார்.

இப்போது நீங்களே முயன்று பாருங்கள்.

1. கரி, காற்றுப் போதாமல் எரிகிறது: சி + ஓ₂ → சிஓ

2. செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்தில் இருந்து வரும் மீத்தேன் எரிகிறது: சிஎச்₄ + ஓ₂ → சிஓ₂ + எச்₂ஓ

3. எரிவாயுத் தோம்பில் உள்ள பியூட்டேன் எரிகிறது: சி₄எச்₁₀ + ஓ₂ → சிஓ₂ + எச்₂ஓ

4. நைட்ரிக் அமிலம் செய்வதன் முதல் படி: என்எச்₃ + ஓ₂ → என்ஓ + எச்₂ஓ

விடைகள் (கெழுக்கள் இடமிருந்து வலமாக): 1) 2, 1, 2. 2) 1, 2, 1, 2. 3) 2, 13, 8, 10. 4) 4, 5, 4, 6.

மூன்றாவதில் ஆக்சிஜனுக்கு ஆறரை வந்து நின்றுவிட்டீர்களா? அங்கேதான் இரண்டால் பெருக்க வேண்டும். நான்காவது கேள்வியைத் தாத்தா பாட்டியிடம் காட்டி, இதுவும் அந்த நெடியடித்த அமோனியாதான் என்று சொல்லுங்கள். அவர்கள் தொட்டியில் அளந்து ஊற்றியதைத்தான் நீங்கள் தாளில் அளந்து எழுதுகிறீர்கள்.